தட்டும் டிபன் பாக்ஸும்

பகல் பன்னிரண்டரை மணிக்கு ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தட்டில் சாம்பார் சாதமோ கொண்டைக்கடலைப் புலாவோ விழுகிறது. கூடவே மிளகு தூவிய முட்டை ஒன்று. அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் மெட்ரிக் பள்ளியில் டிபன் பாக்ஸ்கள் திறக்கின்றன. ஒன்றில் எலுமிச்சை சாதமும் சிப்ஸும், இன்னொன்றில் ஆறி ஒட்டிக்கொண்ட நூடுல்ஸ், மற்றொன்றில் ஜாம் தடவிய ரொட்டி. முதல் பிள்ளையின் தட்டில் அரிசி எத்தனை கிராம், பருப்பு எத்தனை கிராம் என்பதற்கு அரசாணை இருக்கிறது. இரண்டாவது பிள்ளையின் டப்பாவுக்கு எந்த அளவுகோலும் இல்லை. கட்டணம் கட்டிப் படிக்கவைக்கும் வீட்டில் சாப்பாடு ஒரு பிரச்சினையாகவா இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

தமிழ்நாடு குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாகப் பேசிவருகிறது. பேச்செல்லாம் ஏழைப் பிள்ளையின் பசியைச் சுற்றியே இருந்தது, அது நியாயமும்கூட. பசியைத் தணிப்பதில் நாம் ஓரளவு ஜெயித்தும்விட்டோம். என்ன சாப்பிடுவது, எப்படிச் சாப்பிடப் பழகுவது என்ற அடுத்த கேள்வியில் அரசுப் பள்ளி முன்னே போய்விட்டது, வசதியுள்ள வீடு பின்தங்கிவிட்டது என்பது என் கணிப்பு. மாலை நான்கரை மணிக்கு இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பெட்டிக்கடையில் ஒரே பத்து ரூபாய் பாக்கெட்டை வாங்குகிறார்கள் என்பது வேறு கதை. அதற்கும் வருவோம்.

முதலில் நிலவரம். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் இது 50.7 ஆக இருந்தது. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைப் பரிசோதித்த கணக்கு இது. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்த 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் எண்கள் குறைவாகவே வந்தன. அகில இந்திய அளவில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் ரத்தசோகை 23.5 விழுக்காடு. எந்த முறை சரி என்று வல்லுநர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். பள்ளிப் பிள்ளைகளிலேயே சுமார் பத்தில் ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை நீரிழிவின் வாசற்படியில் இருக்கிறது என்று அதே ஆய்வு சொன்னதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில், ஒரு பிள்ளைக்கு இரும்புச்சத்து போதவில்லை, இன்னொரு பிள்ளைக்குச் சர்க்கரை அதிகம். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. குண்டாக இருக்கும் பிள்ளைக்கு ரத்தசோகை வராது என்று நம்பும் பாட்டிமார் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பள்ளியில் சாப்பாடு போடுவது என்ற எண்ணம் இங்கே 1920இல் சென்னை மாநகராட்சி மன்றத்தில் தீர்மானமானது. பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலம். ஆயிரம் விளக்குப் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு என்ற நிபந்தனையோடு ஆரம்பித்தார்கள். தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவழிக்க வெள்ளை அரசு சம்மதிக்காததால் 1925இல் நின்றுபோனது. காமராஜர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது முதலில் ஊர்க்காரர்களின் நன்கொடையை நம்பியே தொடங்கினார்; அரசுப் பணம் பின்னால் வந்தது. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கிராமப்புறப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார். இரண்டே ஆண்டில் அது நகரத்துக்கும் பதினைந்து வயது வரைக்கும் விரிந்தது. ஓட்டுக்காகக் கஜானாவைக் காலி செய்கிறார் என்று அன்றைக்குப் படித்தவர்கள் எழுதினார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டபோது, நாடு முழுவதும் திரும்பிப் பார்த்த முன்மாதிரி இதுதான்.

முட்டையின் வரலாறு தனி. 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டையாக நுழைந்தது. 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஜெயலலிதா ஆட்சியில் 2013இல் சோதனையாகத் தொடங்கி அடுத்த ஆண்டு எங்கும் பரவியது கலவை சாத ஏற்பாடு. அவித்த முட்டை மசாலா முட்டையாயிற்று. 2022 செப்டம்பரில் மதுரையில் ஸ்டாலின் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும். கட்சிகள் எல்லாவற்றிலும் அடித்துக்கொள்ளும் இந்த மாநிலத்தில், பிள்ளைகளின் தட்டிலிருந்து எதையும் எடுக்க யாரும் துணியவில்லை. ஒவ்வொருவரும் எதையாவது சேர்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இதன் பலன் ஒரு தலைமுறை தாண்டியும் தெரிகிறது. பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்கள் பின்னாளில் பெற்ற குழந்தைகள், அது கிடைக்காத பெண்களின் குழந்தைகளைவிட உயரமாக வளர்ந்ததை 2021இல் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இந்தியத் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். படிப்பு கூடியதும், திருமணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போனதும் அதற்குக் காரணங்கள் என்றார்கள். மதியச் சோற்றின் கணக்கை மாலைக்குள் முடித்துப் பார்ப்பவர்களுக்கு இது புரியாது.

குறை இல்லையா? இருக்கிறது. மத்திய அரசின் அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் காய் 50 கிராம், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 75 கிராம். அரிசியைத் தவிர்த்துப் பருப்பு, காய், எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாவற்றுக்குமாகத் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கும் தொகை 2025 மே மாதம் முதல் 6 ரூபாய் 78 காசு. முட்டைச் செலவை மாநில அரசு தனியாக ஏற்கிறது. தக்காளி கிலோ நூறு ரூபாய் விற்கும் வாரத்தில் இந்தக் காசில் அமைப்பாளர் என்ன காய் வாங்குவார்? முள்ளங்கியும் பூசணியும் கிடைத்தால் பெரிது. சோறு தாராளம், காய் கண்ணில் பட்டால் உண்டு என்பதே பல மையங்களின் நிலை. பழம் என்றால் முட்டைக்குப் பதிலாக வரும் வாழைப்பழம் மட்டும். ஆட்களும் போதவில்லை. ஓர் அமைப்பாளரே இரண்டு மூன்று மையங்களைப் பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. காலிப் பணியிடங்களை நிரப்ப 2024 இறுதியில் அரசு 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க ஆணையிட்டபோது நிர்ணயித்த மாதத் தொகுப்பூதியம் 3,000 ரூபாய். இந்தச் சம்பளத்துக்கு ஒருவரிடம் சுவையையும் சுத்தத்தையும் எதிர்பார்ப்பது கொஞ்சம் கூச்சமில்லாத காரியம்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையல் கொட்டகையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் செத்தார்கள். பீகாரின் சாப்ரா பக்கம் 2013இல், அதே ஜூலை 16 அன்று, பூச்சிமருந்து கலந்த மதிய உணவைத் தின்ற 23 குழந்தைகள் செத்தார்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்ற விதி இன்று சட்டப்படியே இருக்கிறது. எத்தனை பள்ளியில் அந்தப் பெரியவர்களில் ஒருவராக ஒரு பெற்றோர் இருக்கிறார்?

பெரியவர்கள் வருவது வேறொன்றுக்கு. எட்டயபுரம் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற ஊரில் 2023 செப்டம்பரில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் காலை உணவைச் சாப்பிடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்பினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. காமராஜர் சோறு போட்டுத் தொடங்கிவைத்த வட்டாரம் அது. ஐந்து வயதுப் பிள்ளை கிச்சடியைத் தானாக ஒதுக்கவில்லை; ஒதுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எதைத் தின்பது, எதைத் தள்ளுவது என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களிடம்தான் கற்கிறார்கள் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேட வேண்டாம்.

இந்தக் கற்றலை ஆராய்ந்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர். 1920களின் கடைசியில் அவர் செய்த சோதனையை இன்று எந்த ஒழுங்குமுறைக் குழுவும் அனுமதிக்காது. தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளை வைத்துக்கொண்டு, 34 வகை உணவுகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். பால், முட்டை, இறைச்சி, தானியம், காய், பழம். எல்லாம் எளிமையாகச் சமைத்தவை அல்லது பச்சையானவை. ஒவ்வொரு வேளையும் பல கிண்ணங்களைக் குழந்தையின் முன்னால் வைப்பார்கள். தாதி கரண்டியோடு சும்மா உட்கார்ந்திருப்பார். குழந்தை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினால் மட்டும் ஊட்டலாம். இதைச் சாப்பிடு என்று சொல்லக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, பாராட்டவும் கூடாது.

குழந்தைகள் கன்னாபின்னாவென்று தின்றார்கள். ஒரு வேளை முட்டையாகவே, இன்னொரு வேளை வாழைப்பழமாகவே. ஒருவர் தின்ற மாதிரி மற்றவர் தின்னவில்லை. ஆனால் மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்தபோது எல்லோரும் நன்றாக வளர்ந்திருந்தார்கள். எலும்பு மெலிவு நோயோடு வந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்த மீன் எண்ணெயை நோய் தீரும் வரை தானாகவே குடித்துவிட்டுப் பிறகு அதைத் தொடவில்லை. குழந்தையின் உடம்புக்கே எல்லாம் தெரியும் என்று இதை வைத்துச் சிலர் கொண்டாடினார்கள். டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. சூட்சுமம் பட்டியலில் இருக்கிறது என்றார். அந்த 34 வகையில் சர்க்கரை இல்லை, பொரித்த பண்டம் இல்லை, டப்பாவில் அடைத்தது இல்லை. எதைத் தின்றாலும் உருப்படும்படி பெரியவர்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆலையில் தயாரித்த உணவுகளையும் கலந்து வைத்து அடுத்த சோதனை செய்ய நினைத்தார். பொருளாதார மந்தத்தில் பணம் கிடைக்கவில்லை. அந்தச் சோதனையை இப்போது நாம் கோடிக்கணக்கான பிள்ளைகளை வைத்து நடத்திக்கொண்டிருக்கிறோம்.

எலன் சாட்டர் என்ற உணவியல் வல்லுநர் 1980களில் இதையே ஒரு வேலைப் பிரிவினையாகச் சொன்னார். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதெல்லாம் பெரியவர் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. லியான் பெர்ச் என்ற உளவியலாளர் தம் சகாக்களோடு பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் மேலும் சில விஷயங்களை உறுதிப்படுத்தின. புதிய உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை வரை அது முன்னால் வர வேண்டியிருக்கும். கீரையைத் தின்றால் மிட்டாய் என்று பேரம் பேசினால் மிட்டாய்மீது ஆசை கூடும், கீரைமீது வெறுப்பு கூடும். கண்ணெதிரே வைத்துக்கொண்டு தொடாதே என்று தடுத்த பண்டத்தைத்தான் பிள்ளை பிறகு அதிகம் தேடும். ஜூலி மெனெல்லா 2001இல் காட்டியது இன்னும் சுவையானது: கர்ப்பத்திலோ பாலூட்டும்போதோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தை கேரட் கலந்த கூழுக்கு முகம் சுளிப்பது குறைகிறது. பிள்ளை உண்டானவளுக்கு எதை எதைக் கொடுக்கக் கூடாது என்று நீளமாகப் பட்டியல் போடும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கேட்டால் நல்லது.

சத்துணவுக் கூடத்தைப் பாருங்கள். குறித்த நேரம், குறித்த இடம், எல்லோருக்கும் ஒரே சமையல், கூடச் சாப்பிடும் நாற்பது பிள்ளைகள், கெஞ்ச யாருமில்லை. யாரும் ஆராய்ச்சி படித்துவிட்டு இப்படி அமைக்கவில்லை. வசதிக்குறைவே நல்ல முறையாக அமைந்துவிட்டது. வீட்டில் கத்தரிக்காயைத் தொடாத பிள்ளை பள்ளியில் கத்தரிக்காய் போட்ட சாம்பார் சாதத்தைத் தின்றுவிட்டு வருகிறது என்று தாய்மார்கள் ஆச்சரியப்படுவதன் காரணம் இவ்வளவுதான்.

வீட்டுக்கு வருவோம். பிள்ளை சாப்பிடமாட்டேன் என்கிறது என்ற புகார் இல்லாத வீடு இல்லை. அந்த வீட்டின் கடிகாரத்தைக் கொஞ்சம் கவனித்தால் போதும். காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஒரு டம்ளர் மாவுப் பால். ஏழரைக்கு வேனைப் பிடிக்கும் அவசரத்தில் அரைத் தோசை. நாலு மணிக்கு வந்ததும் மறுபடி பால், பிஸ்கட். ஐந்தரைக்கு டியூஷன் போகும் வழியில் ஒரு பாக்கெட். அப்பா வரும்போது வாங்கிவரும் பப்ஸ் அல்லது பானிபூரி. ஒன்பது மணிக்குச் சோற்றைப் பிசைந்து உட்கார்ந்தால் எந்த வயிற்றில் பசி இருக்கும்? பசியே இல்லாத பிள்ளைக்கு ஊட்டுவதற்காகத்தான் செல்போன் வருகிறது. திரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கும் பிள்ளைக்கு என்ன தின்றோம் என்பதும் தெரிவதில்லை, எப்போது வயிறு நிறைந்தது என்பதும் தெரிவதில்லை. ஆறு ஏழு வயது வரை ஊட்டிவிடுவதை நாம் பாசம் என்கிறோம். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் போதும் என்று வயிறு சொல்வதைக் கேட்கப் பிள்ளை பழகாமல் போவதற்கு அதுவே காரணம்.

எல்லா வீட்டிலும் பால்மாவு இல்லை. வேலைக்குக் காலை ஆறு மணிக்கே கிளம்பும் பெற்றோர் உள்ள வீடுகளில் பிள்ளையின் காலை உணவு டீயும் பன்னும்தான். தேயிலையின் துவர்ப்பு, உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். காலை உணவுத் திட்டத்துக்கு வேறு நியாயம் எதுவும் வேண்டாம், அந்த டீயின் இடத்தில் ஓர் உப்புமாவும் சாம்பாரும் வந்ததே போதும்.

மாவுப் பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா மூன்றும் தமிழ் நடுத்தர வீட்டில் அம்மிக்கல் இருந்த இடத்தைப் பிடித்து இரண்டு தலைமுறை ஆகிறது. ஊக்க பானம், சத்து பானம் என்ற பெயரில் விற்றவற்றை, உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் சொல்லி, இணைய அங்காடிகளின் ஹெல்த் டிரிங்க் பகுதியிலிருந்து எடுக்க அறிவுறுத்தியது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சர்க்கரை எவ்வளவு என்று அங்கேயே அச்சடித்திருக்கிறது. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்கிறது. இரண்டு டம்ளர் மாவுப் பால், நான்கு கிரீம் பிஸ்கட் என்றாலே கணக்கு முட்டிக்கொள்ளும். பால் நல்லதுதான். மூன்று நான்கு டம்ளர் குடித்தால் வயிறும் அடைபடும், இரும்புச்சத்தும் சேராது.

இதற்கு மாற்று என்று இப்போது கடைகளில் குவிந்திருக்கும் பாரம்பரியப் பண்டங்களிலும் எனக்கு முழு நம்பிக்கையில்லை. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரைதான். கொஞ்சம் நிறமும் மணமும் கூடுதல். ராகி பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, ராகி எங்கோ பின்னால். கேழ்வரகு மெய்யாகவே அருமையான தானியம். நூறு கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டிய கால்சியம், பாலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதைக் கூழாகவோ அடையாகவோ புட்டாகவோ செய்தால் பலன் உண்டு. பிஸ்கட்டில் பெயருக்குத் தூவினால் கம்பெனிக்குத்தான் பலன்.

நம் பழைய சாப்பாட்டையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஒரு நாளின் சக்தியில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று வாழும் வீட்டில் அது எளிதில் தாண்டிவிடும். மலைபோல் சோறு, மூலையில் ஒரு கரண்டிப் பொரியல் என்ற விகிதத்தை மாற்றாமல் வேறு எதை மாற்றியும் பெரிதாக ஆகப்போவதில்லை. மாற்றுவதற்குக் காசும் அதிகம் வேண்டாம். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் கடலையின் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி. அவித்த வேர்க்கடலை, பயறு, மத்தி மீன், முருங்கைக்கீரை போட்ட அடை எல்லாம் ஐம்பது கிராம் சிப்ஸைவிட மலிவு. நேரம்தான் செலவு, அந்த நேரம் அநேகமாக அம்மாவுடையதாக மட்டுமே இருக்கிறது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். வெண்டைக்காய் நறுக்கத் தெரியாத அப்பாக்கள் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி உபதேசம் செய்யும் உரிமையைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம்.

தனியார் பள்ளிகளின் சங்கதி இன்னும் விசித்திரமானது. டப்பா பாதி நிறைந்தபடி திரும்பிவந்தால் சமையலைக் குறை சொல்கிறோம். சாப்பாட்டு இடைவேளை எத்தனை நிமிடம் என்று கேட்பதில்லை. கை கழுவும் வரிசையில் நின்று, மூடியைத் திறந்து, இரண்டு வாய் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு உலர்ந்த சாதம் தொண்டையில் இறங்காது. சில பள்ளிகள் முட்டையைக்கூட டப்பாவில் கொண்டுவரக் கூடாது என்கின்றன. மலிவான, முழுமையான புரதத்தைத் தடை செய்துவிட்டு, கேன்டீனில் சமோசாவும் கலர் சோடாவும் விற்கத் தயங்குவதில்லை. அரசுப் பள்ளியில் ஐந்து நாளும் முட்டை, ஆண்டுக்கு லட்ச ரூபாய் வாங்கும் பள்ளியில் முட்டைக்குத் தடை. இதை முரண் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. பள்ளி நிர்வாகத்தின் ஆசாரம் பிள்ளையின் உடம்பில் கைவைக்கிறது.

கேன்டீனைக் கட்டுப்படுத்த விதி இல்லாமல் இல்லை. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி வகுத்தது. 2021 ஜூலை முதல் நடைமுறையில் இருப்பதாகக் காகிதம் சொல்கிறது. எந்தப் பள்ளி வாசலிலும் நின்று ஐம்பது மீட்டர் கண்ணோட்டம் விட்டுப் பாருங்கள். தோரணம்போலப் பாக்கெட்டுகள் தொங்கும். அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க நினைக்கும் நாளில் முதலில் அகற்றப்படுவது கொய்யாவும் நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் விற்கும் பாட்டியின் சாக்குதான். விதியின்படி பார்த்தால் அந்தப் பாட்டிக்குத்தான் வாசலில் இடம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். ஈ மொய்க்காமல் ஒரு கண்ணாடிப் பெட்டியும் சேர்த்து.

சிலி நாடு 2016இல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. அந்த முத்திரை விழுந்த எதையும் பள்ளியில் விற்க முடியாது, பிள்ளைகளைக் கவரும் கார்ட்டூன் பொம்மையும் அதன்மேல் இருக்கக் கூடாது. நாம் 2022இல் நட்சத்திர மதிப்பெண் என்று ஒரு வரைவு தயாரித்தோம். எச்சரிக்கை முத்திரை கேட்டவர்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் யோசனை யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

ஜப்பானிடம் கற்க வேண்டியது வேறு. அங்கே 2005இல் உணவுக் கல்விக்கென்றே ஒரு சட்டம் வந்தது. பள்ளிச் சாப்பாட்டை வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட மாணவர்களே முறை வைத்து வகுப்பறையில் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதையே அங்கேயே சாப்பிடுகிறார். நம் ஆசிரியர்கள் ஆசிரியர் அறையில் தங்கள் டப்பாவைத் திறக்கிறார்கள். சத்துணவு ஏழைப் பிள்ளைக்கானது என்ற கூச்சம் வகுப்பறையில் வளர்வதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம். எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகள் தட்டேந்த வெட்கப்பட்டுப் பட்டினியாக இருப்பது, இரும்புச்சத்து மிக அதிகமாகத் தேவைப்படும் பெண் பிள்ளைகளின் வயதில்தான் நடக்கிறது. வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும், பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டித் தரும் குடற்புழு மாத்திரையும் தேவைதான். ஆனால் ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட்டால் அந்தக் கூச்சம் ஒரே வாரத்தில் போய்விடும்.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. காய்க்கான தொகையைச் சந்தை விலையோடு இணைக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது எல்லோருக்கும் பழம் தர வேண்டும், சமைப்பவருக்கு வாழக்கூடிய சம்பளம் கொடுக்க வேண்டும், 50 மீட்டர் விதியைத் தனியார் பள்ளி அங்கீகாரத்தோடு கட்டிப்போட வேண்டும். இவற்றில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பில்லை. 1920இல் ஓரணாவுக்குக் கணக்குப் போட்ட அரசியல் துணிச்சல் இன்றைக்கும் இருக்குமானால் முடியும்.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு அரசாணை வராது. நாலு மணிப் பாக்கெட்டை நிறுத்திவிட்டு இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைக்குத் தனிச் சமையல் வேண்டாம். தெரிந்த பண்டம் ஒன்றும் தெரியாத பண்டம் ஒரு ஸ்பூனும் தட்டில் இருக்கட்டும். அது தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி வையுங்கள். நீங்களும் அதையே சாப்பிடுங்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறது என்றால், மாதம் ஒரு நாள் மதியம் பள்ளி மேலாண்மைக் குழுவோடு போய் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் பாருங்கள். தனியார் பள்ளி என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்டு முடித்ததும் கேன்டீன் விலைப்பட்டியலையும் சாப்பாட்டு இடைவேளை எத்தனை நிமிடம் என்பதையும் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.